பையன் தனியா டாக்ஸ் ஃபைல் பண்றான், ஒரே பாலிசியோட சப்சிடியை எப்படிப் பிரிக்கறது?

அண்ணா, உங்க நிலைமையை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். டெக்சாஸ்ல இருக்கீங்க, கம்பெனி வேலையை விட்டுட்டு சொந்தமா கான்ட்ராக்ட் எடுத்துப் பண்றீங்க, அதனால உங்களுக்கும் அண்ணிக்கும் பையனுக்கும் சேர்த்து ஹெல்த்கேர்.கவ்-ல, அதாவது அரசாங்கத்தோட இன்சூரன்ஸ் மார்க்கெட்பிளேஸ் தளத்துல, அரசாங்க சப்சிடியோட ஒரே ஹெல்த் இன்சூரன்ஸ் பிளான். 2024 நவம்பர்ல அப்ளை பண்ணப்போ பையன் காலேஜ்ல இருந்தான், டிபெண்டன்ட்னு, அதாவது உங்களைச் சார்ந்து இருக்கறவன்னு போட்டீங்க. 2025-ல அவனுக்கு 24 வயசு ஆயிடுச்சு, ஒரு சின்ன ஆபீஸ்ல வேலை, அங்க இன்சூரன்ஸ் கிடையாது, வருஷத்துக்கு 28,000 டாலர் சம்பாதிச்சிருக்கான், இப்ப தனியா ரிட்டர்ன் போடப் போறான். ஆனா வந்திருக்கற 1095-ஏ, அதாவது பிரீமியத்தையும் சப்சிடியையும் காட்டற படிவம், ஒண்ணே ஒண்ணு, அது உங்க பேர்ல, அதுல மூணு பேரும் இருக்காங்க. சப்சிடியை மூணுல ஒரு பங்குன்னு பிரிச்சா நீங்க கிட்டத்தட்ட 3,000 டாலர் திருப்பிக் கட்டணும்னு சாஃப்ட்வேர் காட்டுது, இது சரியான்னு கேக்கறீங்க.

சாஃப்ட்வேர் போட்ட கணக்குல தப்பு இல்ல. ஆனா மூணுல ஒரு பங்குன்னுதான் பிரிக்கணும்னு சட்டம் எங்கயும் சொல்லல. நீங்களும் பையனும் பேசி ஒத்துக்கிட்டா 0-லிருந்து 100 வரைக்கும் எந்த சதவீதத்துல வேணும்னாலும் பிரிச்சுக்கலாம். தலைக்கணக்குப்படி பிரிக்கறது, ரெண்டு பேருக்கும் ஒத்து வரலைன்னா மட்டும் வர்ற வழி. இது ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித்துறை, இந்த சப்சிடிக் கணக்கைப் போடற ஃபார்ம் 8962-க்கு குடுக்கற விளக்கத்துலயே இருக்கு, யாரும் கண்டுபிடிச்ச ஓட்டை இல்ல. இதைத் தெரிஞ்சுக்காம எத்தனையோ குடும்பம் வருஷா வருஷம் கட்ட வேண்டியதில்லாத காசைக் கட்டிட்டு இருக்காங்க, எனக்கு அதுதான் ரொம்ப ஆதங்கமா இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணை உறுதி பண்ணிக்கணும். பையன் உண்மையிலயே உங்க டிபெண்டன்ட் ஆக முடியாதவனா இருக்கணும். "நான் அவனை க்ளெய்ம் பண்ணலை"ங்கறது போதாது, "க்ளெய்ம் பண்ண முடியாது"ங்கற நிலைமை வேணும். பிள்ளைங்கற வகையில க்ளெய்ம் பண்ணணும்னா வருஷக் கடைசியில 19-க்குக் கீழ இருக்கணும், இல்ல முழுநேர ஸ்டூடன்ட்டா 24-க்குக் கீழ இருக்கணும். உங்க பையன் 2025-க்குள்ளயே 24 தொட்டுட்டான், அந்தக் கதவு மூடிடுச்சு. அடுத்தது சொந்தக்காரர்ங்கற வகை, அதுக்கு வயசு வரம்பு கிடையாது, ஆனா வருமானம் 2025-க்கு 5,200 டாலருக்குக் கீழ இருக்கணும். 28,000 சம்பாதிச்சவன் அதுலயும் வரமாட்டான். ஆக அவன் தனி டாக்ஸ் குடும்பம், நீங்களும் அண்ணியும் ரெண்டு பேர் கொண்ட இன்னொரு டாக்ஸ் குடும்பம். இதே பையன் 23 வயசுல முழுநேரமா படிச்சுட்டு உங்க வீட்டுலயே இருந்து, பாதிக்கு மேல அவன் செலவை அவனே பாத்துக்காம இருந்திருந்தா, நீங்க க்ளெய்ம் பண்ணாம விட்டாலும் அவனால இந்த சப்சிடியை, அதாவது வரிக் கிரெடிட்டை எடுக்க முடியாது. அப்படி விட்டுக்குடுத்து சப்சிடி வாங்கலாம்னு நினைக்கறவங்க உண்டு, அது செல்லாது.

இப்ப சப்சிடி எப்படி வருதுன்னு பாத்துடுவோம், அது புரிஞ்சாதான் பிரிக்கறது புரியும். 1095-ஏ-ல மாசாமாசம் மூணு தொகை இருக்கும். ஏ கட்டத்துல பிளானோட முழு பிரீமியம். பி கட்டத்துல உங்க ஏரியாவுல ரெண்டாவது விலை கம்மியான சில்வர் பிளானோட பிரீமியம், இதைத்தான் அளவுகோலா வெச்சுக்கறாங்க, நீங்க எந்தப் பிளான் எடுத்திருந்தாலும் சரி. சி கட்டத்துல அரசாங்கம் உங்களுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே கட்டின சப்சிடி, இதைக் கீழ முன்பணம்னு சொல்றேன். வருஷக் கடைசியில நிஜமான வருமானம் தெரிஞ்சதும் உங்க குடும்பம் இன்சூரன்ஸுக்குக் கட்ட வேண்டிய பங்கு இவ்வளவுன்னு ஒரு தொகை வரும், அந்த சில்வர் பிளான் பிரீமியத்துல இந்தப் பங்கைக் கழிச்சா மிச்சம்தான் உங்களுக்கு நியாயமா வர வேண்டிய கிரெடிட், ஆனா அது நிஜ பிரீமியத்தைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே கட்டினது இதைவிட அதிகம்னா திருப்பிக் கட்டணும், கம்மின்னா ரீஃபண்ட்ல வரும்.

உங்க பங்கு எவ்வளவுங்கறது வறுமைக்கோட்டுக்கு எத்தனை சதவீதத்துல இருக்கீங்கங்கறதைப் பொறுத்தது. 2025 ரிட்டர்னுக்கு 2024-ஓட வறுமைக்கோடு, தனி ஆளுக்கு 15,060, ரெண்டு பேருக்கு 20,440, மூணு பேருக்கு 25,820. நீங்க அப்ளை பண்ணப்போ மூணு பேர், 70,000 வருமானம்னு போட்டீங்க, அது 271%, அந்த இடத்துல வருமானத்துல 4.84% கட்டினா போதும். இப்ப நிஜத்துல ரெண்டு பேர், 72,000, அது 352%, அங்க 7.3%. வருமானம் என்னவோ 2,000 டாலர்தான் கூடியிருக்கு, ஆனா குடும்பத்துல ஒரு தலை குறைஞ்சதால உங்க பங்கு வருஷத்துக்கு 3,388-லிருந்து 5,256 ஆயிடுச்சு. உங்களுக்குத் திருப்பிக் கட்ட வர்றதுக்கு முக்கியமான காரணம் இதுதான். பையனைப் பாருங்க, 28,000 தனி ஆள், 185%, அவன் பங்கு 1.4%, வருஷத்துக்கே 392 டாலர்தான்.

உங்க 1095-ஏ-ல இருக்கற தொகையை வருஷக்கணக்கா எடுத்துக்கறேன். பிரீமியம் மாசம் 1,900, வருஷம் 22,800. சில்வர் அளவுகோல் மாசம் 2,000, வருஷம் 24,000. முன்கூட்டியே கட்டினது மாசம் 1,717, வருஷம் 20,604. நீங்க கையிலிருந்து கட்டினது மாசம் 183, வருஷம் 2,196.

சாஃப்ட்வேர் காட்டின தலைக்கணக்குப்படி பையனுக்கு 33%, உங்களுக்கு 67%. உங்க பக்கம் சில்வர் அளவுகோல் 16,080, அதுல 5,256 போனா 10,824 கிரெடிட். உங்க தலையில விழற முன்பணம் 13,805. வித்தியாசம் 2,981, திருப்பிக் கட்டணும். பையன் பக்கம் அளவுகோல் 7,920, அதுல 392 போனா 7,528, ஆனா அவன் பங்கு பிரீமியமே 7,524-தான், அதனால கிரெடிட் 7,524, முன்பணம் 6,799, அவனுக்கு 725 ரீஃபண்ட். குடும்பமா பாத்தா 2,256 நஷ்டம்.

சரி, எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா? 24,000-ல 5,256 போக 18,744 கிரெடிட், முன்பணம் 20,604, திருப்பிக் கட்டறது 1,860. பையனுக்கு ஒண்ணும் இல்ல. தலைக்கணக்கை விட இதுவே கிட்டத்தட்ட 400 டாலர் லாபம்.

எல்லாத்தையும் பையனுக்கே குடுத்தா? 24,000-ல 392 போக 23,608, ஆனா பிரீமியம் 22,800-ஐத் தாண்டக்கூடாது, அதனால கிரெடிட் 22,800. முன்பணம் 20,604. பையனுக்கு 2,196 டாலர் ரீஃபண்ட், நீங்க திருப்பிக் கட்டறது பூஜ்யம். கவனிச்சீங்களா, அந்த 2,196 நீங்க வருஷம் முழுக்க மாசம் 183-ஆ கட்டினதே அப்படியே திரும்பி வர்றது. தலைக்கணக்குக்கும் இதுக்கும் வித்தியாசம் 4,452 டாலர், அதே குடும்பம், அதே பாலிசி, அதே வருமானம்.

ஏன் இப்படி வருதுன்னா, அந்த "உங்க பங்கு"ங்கற தொகை சதவீதத்தோட சேர்ந்து குறையறதில்ல. 67% எடுத்தாலும் 10% எடுத்தாலும் உங்க பக்கத்துல 5,256 முழுசாக் கழியும், பையன் பக்கத்துல 392 முழுசாக் கழியும். ரெண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தா ரெண்டு பங்கும் கழியுது. ஒருத்தரே எல்லாத்தையும் எடுத்தா ஒரு பங்குதான் கழியும், அது சின்னப் பங்கு உள்ளவரா இருந்தா இன்னும் நல்லது. "நூறு வேண்டாம், 90% பையனுக்குப் போட்டு 10% நாம வெச்சுக்குவோம், பாக்க கொஞ்சம் கௌரவமா இருக்கும்"னு சிலர் சொல்வாங்க. போட்டுப் பாருங்க. உங்க 10%-க்கு அளவுகோல் 2,400-தான், அது உங்க பங்கு 5,256-ஐ விடக் கம்மி, அதனால உங்களுக்குக் கிரெடிட் பூஜ்யம், தலையில விழற முன்பணம் 2,060-ஐ முழுசாத் திருப்பிக் கட்டணும். பையனுக்கு 1,976 வரும். மொத்தத்துல 84 டாலர் நஷ்டம். அந்தக் கடைசி 10%-க்காக 2,280 டாலர் போயிடுது. பாதிப் பாதி போட்டாலும் நஷ்டம் 2,000-த்தைத் தாண்டும், அதுவும் திருப்பிக் கட்டற தொகைக்கு 2025-ல ஒரு உச்சவரம்பு இருக்கறதால அதோட நிக்குது.

எல்லாருக்கும் பையன் பக்கம் 100%-தான் சரின்னு எடுத்துக்காதீங்க. ப்ரோன்ஸ் (bronze), அதாவது சில்வரை விட மலிவான வகைப் பிளான் எடுத்தவங்களுக்கு பிரீமியம் அளவுகோலை விட ரொம்பக் கீழ இருக்கும், அப்ப அந்த இடைவெளியே ரெண்டு பேரோட பங்கையும் விழுங்கிடும், நடுவுல எங்க பிரிச்சாலும் ஒரே பலன் வர்றது உண்டு. உங்க சொந்த எண்களை வெச்சு 0, 33, 50, 100-ன்னு நாலஞ்சு தடவை போட்டுப் பாருங்க, அரை மணி நேர வேலை.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உடைக்க முடியாது. எந்த சதவீதம் எடுத்தாலும் பிரீமியம், அளவுகோல், முன்பணம் மூணுக்கும் அதே சதவீதம்தான். பிரீமியத்துல பையனுக்கு 100%, முன்பணத்துல உங்களுக்கு பாதின்னு கலந்து கட்ட முடியாது. ரெண்டு ரிட்டர்னும் சேர்ந்து 100% ஆகணும், ஐஆர்எஸ் கம்ப்யூட்டர்ல ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறாங்க.

பிரீமியம் உங்க அக்கவுண்ட்லேருந்துதானே போச்சு, பையன் எப்படி கிரெடிட் எடுக்கலாம்னு சந்தேகம் வரும். வேற யாராவது அவனுக்காகக் கட்டினாலும் அவன் கட்டினதாத்தான் எடுத்துக்கறாங்க. அதனால அதுல பிரச்சினை இல்ல.

ஃபார்ம்ல எங்க போடறதுன்னு சொல்றேன், இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. 8962-ஓட ரெண்டாம் பகுதியில 9-வது வரி, வேற டாக்ஸ் குடும்பத்தோட பாலிசியைப் பிரிக்கறீங்களான்னு கேக்கும், ஆமான்னு போடணும். அப்பறம் நாலாம் பகுதி, 30-வது வரி. முதல் கட்டத்துல பாலிசி நம்பர், 1095-ஏ மேலயே இருக்கும், 15 எழுத்துக்கு மேல இருந்தா கடைசி 15 மட்டும். அடுத்த கட்டத்துல எதிராளியோட சோஷியல் செக்யூரிட்டி நம்பர், அதாவது உங்க ரிட்டர்ன்ல பையனோடது, பையன் ரிட்டர்ன்ல உங்களோடது. அப்பறம் ஆரம்ப மாசம் 01, முடிவு மாசம் 12. கீழ வரிசையில பிரீமியம், அளவுகோல், முன்பணம்னு மூணு கட்டம், மூணுலயும் ஒரே எண், பையன் ரிட்டர்ன்ல 1.00-ன்னா உங்க ரிட்டர்ன்ல 0.00. நடுவுல ஏதோ ஒரு மாசம் பையன் பிளான்லேருந்து வெளிய வந்திருந்தா அவன் இருந்த மாசங்களுக்கு மட்டும்தான் பிரிக்கணும்.

சாஃப்ட்வேர்ல போடும்போது 1095-ஏ-ல இருக்கற முழுத் தொகையை ரெண்டு பேரும் அப்படியே டைப் பண்ணணும், நீங்களே பிரிச்ச தொகையை டைப் பண்ணக் கூடாது. சதவீதத்தைக் கேக்கும்போது குடுங்க, பிரிக்கற வேலையை அது பாத்துக்கும். முன்னாடியே பிரிச்சுப் போட்டு அப்பறம் சதவீதமும் குடுத்தா ரெண்டு தடவை பிரிஞ்சு எல்லாம் நாசமாயிடும். பையனுக்குத் தனியா 1095-ஏ வராது, உங்களோட காப்பியை அவனுக்கு அனுப்புங்க. இதை நிறைய பேர் செய்யறதில்ல, பையன் தன்னோட டபிள்யூ-2-ஐ (ஆபீஸ் குடுக்கற சம்பளச் சான்று) மட்டும் வெச்சு ஃபோன்லயே அஞ்சு நிமிஷத்துல ஃபைல் பண்ணிடறான், அப்பறம் 8962 இல்லைன்னு ஈ-ஃபைல் ரிஜெக்ட் ஆகுது, இல்லைன்னா ஐஆர்எஸ்லேருந்து லெட்டர் வருது. உங்க பங்கு பூஜ்யமா இருந்தாலும் உங்க ரிட்டர்ன்லயும் 8962-ல அந்த 0.00-ஐப் போட்டே அனுப்புங்க, முன்பணம் உங்க பேர்லதான் போயிருக்கு, அவங்க உங்ககிட்டதான் முதல்ல கேப்பாங்க.

ஒப்பந்தத்தை எழுதி ஐஆர்எஸுக்கு அனுப்பணும்னு கிடையாது. ஆனா நான் ஒரு பேப்பர்ல வருஷம், பாலிசி நம்பர், சதவீதம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வெச்சுக்கச் சொல்வேன். ரெண்டு வருஷம் கழிச்சு லெட்டர் வந்தா யாருக்கும் என்ன போட்டோம்னு ஞாபகம் இருக்காது.

இப்ப எங்கெல்லாம் இது கவுத்துடும்னு சொல்லணும். பையனோட ஆபீஸ் இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிச்சா கதை மாறிடும். 2025-க்கு, அவனுக்கு மட்டும் எடுக்கற மலிவான பிளானோட பிரீமியம் அவன் வருமானத்துல 9.02%-க்குள்ள இருந்து, பிளானும் குறைஞ்சபட்சத் தரத்துல இருந்தா, அவன் அதை எடுக்காம விட்டாலும் அந்த மாசங்களுக்கு அவனுக்குன்னு கிரெடிட் கிடையாது. அந்த மாசங்களை 100% அவன் பேர்ல போட்டா அந்த முன்பணம் முழுசும் அவன் அதிகமா வாங்கினதா ஆயிடும், 2025-க்கு உச்சவரம்பு வரைக்கும், 2026-லிருந்து முழுசாவே அவன் திருப்பிக் கட்டணும். உங்க பையன் ஆபீஸ்ல இன்சூரன்ஸே கிடையாதுன்னு சொல்றீங்க, அதை ஒரு தடவை எச்ஆர்கிட்ட ஈமெயில்ல கேட்டு வாங்கி வெச்சுக்கச் சொல்லுங்க. புதுசா சேர்ந்த பசங்களுக்கு ஆஃபர் வந்ததே தெரியாது, ஏதோ ஒரு போர்ட்டல்ல கிடக்கும்.

அவன் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழ, அதாவது 15,060-க்குக் கீழ போயிருந்தா பொதுவா கிரெடிட்டே கிடையாது. மார்க்கெட்பிளேஸ் அப்ளை பண்ணப்போ வருமானம் 100%-க்கு மேல வரும்னு கணிச்சு முன்பணமும் கட்டியிருந்தா அதுக்கு விதிவிலக்கு இருக்கு, ஆனா அந்த நிலைமையில நீங்களா போடாம விவரம் தெரிஞ்சவங்க ஒருத்தரைப் பாக்கறது நல்லது.

வருமானம்ங்கறது டபிள்யூ-2 மட்டும் இல்ல. நம்ம ஆளுங்க கோட்டை விடற இடம் ஊர்ல இருக்கற டெபாசிட். என்ஆர்இ (வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய பேங்க்ல வெச்சுக்கற) அக்கவுண்ட் வட்டிக்கு இந்தியாவுல வரி இல்ல, ஆனா அமெரிக்காவுல அது முழுசா வருமானம், இந்தக் கணக்குலயும் சேரும். தாத்தா பையன் பேர்லயும் சேர்த்து ஏதாவது எஃப்டி போட்டு வெச்சிருந்தாருன்னா அவன் பக்கமும் கேளுங்க. அதே மாதிரி ஷேர் வித்த லாபம். 185%-ன்னு நினைச்சவன் 240%-ல போய் நின்னா அவன் பங்கு 392-லிருந்து ஆயிரத்தைத் தாண்டும், அப்பவும் உங்க பக்கத்தை விடக் கம்மிதான், ஆனா தெரிஞ்சே போடணும்.

நீங்க செல்ஃப் எம்ப்ளாய்டுங்கறதால இன்னொண்ணு. கையிலிருந்து கட்டின பிரீமியத்தை வருமானத்துல கழிக்கலாம், 27 வயசு ஆகாத பிள்ளைக்குக் கட்டினதையும் சேர்த்து, அவன் டிபெண்டன்ட்டா இல்லைன்னாலும். ஆனா கிரெடிட்டா திரும்பி வந்த தொகையைக் கழிக்க முடியாது. 100% பையனுக்குப் போட்டு 2,196-ம் திரும்ப வந்துட்டா, கழிக்க ஒண்ணும் மிஞ்சாது. அந்தக் கழிவு போகறதால உங்க வரி கொஞ்சம் ஏறும், அதையும் சேர்த்துப் பாத்தாலும் உங்க எண்களுக்கு 100%-தான் மேல்.

காசு யாருக்குங்கறதையும் பேசிடணும், ஏன்னா மாசாமாசம் கட்டினது நீங்க, ரீஃபண்ட் வர்றது பையன் அக்கவுண்டுக்கு. இதைப் பேசாம விட்டு மனஸ்தாபம் வந்த வீடு எனக்குத் தெரியும். ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே உக்காந்து, "இதுல இவ்வளவு நாங்க கட்டினது, இவ்வளவு நீ வெச்சுக்கோ"ன்னு சொல்லிடுங்க. அவன் உங்களுக்கு அனுப்பினாலும் நீங்க அவனுக்கே விட்டாலும் வரிப் பிரச்சினை எதுவும் இல்ல, ஒருத்தருக்கு வருஷத்துக்கு 19,000 வரைக்கும் கிஃப்ட் குடுக்க ஃபார்ம் எதுவும் தேவையில்ல, கிரெடிட்டும் வருமானம் ஆகாது. இன்னொண்ணு, அவன் ரிட்டர்ன்ல அவன்தான் கையெழுத்துப் போடறான், அதுல இருக்கறதுக்கு அவன்தான் பொறுப்பு. அப்பா சொன்னார்னு போட்டேன்னு நாளைக்கு அவன் சொல்ற மாதிரி வெச்சுக்காதீங்க. எண்களைக் காட்டி, ஏன்னு புரிய வெச்சு, அவன் சம்மதத்தோட போடுங்க, 24 வயசுப் பையனுக்கு இது நல்லாவே புரியும்.

2026-க்கு இப்பவே ஒரு வேலை இருக்கு. 2021-லிருந்து 2025 வரைக்கும் இருந்த கூடுதல் சப்சிடி முடிஞ்சு வறுமைக்கோட்டுக்கு 400%-ங்கற பழைய வருமான வரம்பு திரும்ப வந்துடுச்சு. 2026 கணக்குக்கு ரெண்டு பேர் குடும்பத்துக்கு 84,600 டாலர், தனி ஆளுக்கு 62,600. அதை ஒரு டாலர் தாண்டினாலும் உங்க பக்கம் கிரெடிட் பூஜ்யம். அதோட, திருப்பிக் கட்டற தொகைக்கு இதுவரைக்கும் இருந்த உச்சவரம்பையும் 2025 ஜூலையில வந்த சட்டம் எடுத்துடுச்சு, 2026 வருஷத்துலேருந்து அதிகமா வாங்கினது எவ்வளவோ அவ்வளவையும் கட்டணும். 2025-ல 300-லிருந்து 400%-க்குள்ள இருக்கற உங்களை மாதிரி தம்பதிக்கு 3,250-ஓட நின்னுடும், 200%-க்குக் கீழ இருக்கற தனி ஆளுக்கு 375-தான். அந்தப் பாதுகாப்பு இனிமே இல்ல.

அதனால மார்க்கெட்பிளேஸ் அக்கவுண்ட்ல உள்ள போய், பையன் இப்ப எங்க டிபெண்டன்ட் இல்ல, தனியா ஃபைல் பண்றான், வருமானம் இவ்வளவுன்னு மாத்திடுங்க. முன்கூட்டியே சொல்லிட்டா அவங்களே சப்சிடியை ரெண்டு குடும்பத்துக்கும் தனித்தனியா கணக்குப் போட்டு தனித்தனி 1095-ஏ அனுப்புவாங்க. அப்ப இந்த மாதிரி இஷ்டப்பட்ட சதவீதத்துல பிரிக்கற வசதி இருக்காதுங்கறது உண்மைதான், அதுக்காக மாத்தாம விடலாமான்னு கேக்காதீங்க. வருமானமும் குடும்பமும் மாறினா சொல்லணும்னு அப்ளிகேஷன்லயே ஒத்துக்கிட்டுதான் கையெழுத்துப் போட்டிருக்கோம். உச்சவரம்பு இல்லாத வருஷத்துல பையனுக்கு நடுவுல ஆபீஸ் இன்சூரன்ஸ் கிடைச்சுட்டா வர்ற பில் பத்தாயிரத்தைத் தாண்டலாம்.

26 ஆகற வருஷம் வரைக்கும் அவன் உங்க பிளான்ல இருக்கலாம், ஹெல்த்கேர்.கவ்-ல 26 ஆகற வருஷத்தோட டிசம்பர் 31 வரைக்கும் விடறாங்க. அதுக்காக இருந்துதான் ஆகணும்னு இல்ல. தனியா அவன் பேர்ல ஒரு சில்வர் பிளான் எடுத்தா, அவன் வருமானத்துக்கு டிடக்டிபிளும் கோபேயும் (வைத்தியம் பாக்கும்போது நாம கையிலிருந்து கட்டறது) குறைச்சுத் தர்ற வகை கிடைக்கும், 200%-க்குள்ள இருக்கறவங்களுக்கு அது நல்ல பிளான். உங்களோட சேர்ந்து இருக்கறதால அது கிடைக்காமப் போகலாம், அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட்ல (பிளான் எடுக்கற, மாத்தற சீசன்ல) ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

யாராவது ஏற்கனவே தலைக்கணக்குல ஃபைல் பண்ணிட்டு இதைப் படிச்சா, 1040-எக்ஸ்ங்கற திருத்தப் படிவம் போட்டுத் திருத்தலாம், பொதுவா ஃபைல் பண்ண தேதியிலேருந்து மூணு வருஷம் டைம் இருக்கு. ஆனா ரெண்டு ரிட்டர்னையும் சேர்த்துத் திருத்தணும், ஒண்ணை மட்டும் மாத்தினா சதவீதம் கூட்டினா நூறு வராது. உங்க விஷயத்துல அண்ணா, இன்னும் யாரும் ஃபைல் பண்ணலைன்னு சொன்னீங்க, அப்ப பையனை முதல்ல நிறுத்துங்க, அவன் ஃபோன்ல போட்டு அனுப்பிடறதுக்குள்ள.